பால் நோட்டும் நொண்டும் மாடும்: கேள்வி-பதில்

மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி பால் குறைவு, மீதி கால் நோவு. இரண்டும் ஒரே மாட்டின் சங்கதியாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த முறை அந்தக் கடிதங்கள் மட்டும்.

எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்பு மாடு, கன்று போட்டு மூன்று மாதம். 12 லிட்டர் கறந்தது பத்து நாளில் 10 ஆகிவிட்டது. மடி நன்றாக இருக்கிறது, பாலில் திரி (கட்டி) இல்லை, தீவனம் மாற்றவில்லை. நொண்டவும் இல்லை. என்ன காரணம்? (குன்னூர்)

நான்கு காம்பிலும் ஒரேபோல் குறைந்து, பாலும் சுத்தமாக இருந்தால் என் சந்தேகம் முதலில் குளம்பின் மேல்தான். வெளிப்படையாக நொண்டுவது கடைசிக் கட்டம். அதற்குப் பல வாரம் முன்பே பால் இறங்கத் தொடங்கிவிடும். வலி உள்ள மாடு அதிக நேரம் படுத்தே கிடக்கும், தீவனத் தொட்டிக்கு வருவது குறையும். சமதரையில் நடத்திப் பாருங்கள். நிற்கும்போது நேராக இருக்கும் முதுகு நடக்கும்போது வளைந்தால் விஷயம் ஆரம்பித்துவிட்டது. கறக்கும் நேரத்தில் பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றுகிறதா என்றும் கவனியுங்கள். அப்புறம் காலைத் தூக்கி, கழுவிப் பாருங்கள். பெரும்பாலும் பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பில்தான் கோளாறு இருக்கும். அதற்குள் மடிநோய் என்று நினைத்து மடியில் ட்யூப் மருந்து ஏற்றிவிடாதீர்கள்.

ஒரு காம்பில் மட்டும் பால் குறைகிறது. கறக்கும்போது உதைக்கிறது. கால் நோவா? (அரவேணு)

இல்லை. மடிநோய், அல்லது காம்பில் புண். இன்றைக்கே பாலைச் சோதியுங்கள்.

நான்கு மாடு. பால் சொசைட்டி அட்டையில் போன மாதம் 38 லிட்டர், இப்போது 33. எந்த மாட்டுக்குக் காலில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கோத்தகிரி)

அந்த அட்டையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வருஷக்கணக்காக இதைச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. நான்கு மாட்டுப் பாலையும் ஒரே கேனில் கொட்டி, அந்தக் கேனின் அளவை எடுத்துக்கொண்டு வந்து வைத்தியம் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். ஒரு மாடு மூன்று லிட்டர் குறைந்திருக்கும், புதிதாகக் கன்று போட்டது இரண்டு லிட்டர் ஏறியிருக்கும். அட்டையில் ஒரு லிட்டர்தான் குறைவாகத் தெரியும். நோயாளி அதற்குள் ஒளிந்துகொள்வாள்.

பிள்ளையின் பழைய பள்ளி நோட்டு ஒன்று போதும். மாட்டுக்கு ஒரு பக்கம், காலைக்கு ஒரு கட்டம், மாலைக்கு ஒரு கட்டம். நுரையோடு லிட்டர் கணக்கு பார்க்காமல் தொங்கு தராசில் எடை போடுங்கள். காலைக் கறவையைக் காலையோடும் மாலையை மாலையோடும் ஒப்பிடுங்கள். இரண்டு கறவைக்கும் இடைவெளி சமமில்லாதபோது காலையையும் மாலையையும் ஒப்பிடுவது வீண். கன்றுக்கு விடும் பால் ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்று போனாலும் கணக்கு கெடும்.

ஒரு நாள் குறைவை வைத்துப் பதற வேண்டாம். சினைப்பருவத்தில் இறங்கும், மறுநாள் ஏறிவிடும். கறவையின் உச்சம் தாண்டிய மாடு மாதத்துக்குப் பத்து சதவீதம் போல இறங்குவதும் இயல்பு. முந்தைய வாரச் சராசரியைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்து, மூன்று நாள் ஆகியும் ஏறாவிட்டால் காலைத் தூக்கி, கழுவிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை இது. இதற்கு நேரமில்லை என்பவர்கள்தான் பிறகு மாட்டுச் சந்தையில் பாதி விலைக்கு நிற்கிறார்கள்.

கழித்த கேரட்டும் பேக்கரி பன்னும் நிறையப் போட்டேன். பால் ஏறியது, ஃபேட் (பாலின் கொழுப்பு) மூன்று சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. ஃபேட் ஏற என்ன கொடுக்கலாம்? (ஊட்டி)

கொடுப்பதைக் குறையுங்கள். மாவும் சர்க்கரையும் அதிகமாகி வயிற்றில் அமிலம் ஏறியிருக்கிறது. அசை போடுவதும் குறைந்திருக்கும். ஃபேட் போனது முதல் அறிகுறி, குளம்புக்குள் நடந்த சேதம் ஒன்றரை இரண்டு மாதம் கழித்துத்தான் வெளியே தெரியும். புல்லும் வைக்கோலும் முன்னால், மற்றதெல்லாம் கொஞ்சமாகப் பின்னால். இன்றைய தேதியை நோட்டில் குறித்து வையுங்கள்.

நொண்டிய மாட்டுக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வலி ஊசி வாங்கிப் போட்டோம். பாலும் ஏறியது. மறுபடி போடலாமா? (மசினகுடி)

கூடவே கூடாது. மாட்டுக்கு அது 2006-லேயே தடை. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது மாடு செத்து, அதைத் தின்றால் பாறுக் கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகும். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் கழுகுகள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. 2023-ல் கீட்டோபுரொஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் அதே பட்டியலில் சேர்ந்தன. வலிக்கு மெலாக்சிகாம் இருக்கிறது, மருத்துவர் எழுதித் தரட்டும். இன்னொன்று, வலி ஊசிக்குப் பின் ஏறும் பால் குணமானதற்குச் சாட்சி ஆகாது. புண் அப்படியே இருந்தால் மருந்து இறங்கியதும் பாலும் இறங்கும். ஊசி போட்ட நாளை நோட்டில் சிவப்பில் எழுதுங்கள். எந்த மருந்தானாலும் சீட்டில் சொன்ன நாள் வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள்.

கழுத்துப் பட்டை சென்சார் வாங்கினால் நொண்டலைச் சொல்லிவிடுமா? ஆறு மாடு. (கேத்தி)

சினைப்பருவம் பார்க்க நல்லது. அசை போடுவதும் தின்பதும் குறைந்தால் எச்சரிக்கும், எந்தக் கால் என்று சொல்லாது. ஆறு மாட்டுக்குத் தராசும் நோட்டும் உங்கள் கண்ணும் போதும். மேய்ச்சலிலிருந்து கறவைக்கு வழக்கமாக முன்னால் வரும் மாடு சில நாளாகக் கடைசியில் வந்தால், அதுவும் காசில்லாத சென்சார்தான்.

ஜனவரியில் பார்மலின் குளம்புக் குளியல் பலன் தரவில்லையே? (ஊட்டி)

15 டிகிரிக்குக் கீழே பார்மலின் சரியாக வேலை செய்யாது. பனிக்காலத்தில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பாருங்கள்: 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ. குளம்பைக் கழுவிய பிறகே இறக்குங்கள். மீந்த தண்ணீரை ஓடையில் கொட்டாதீர்கள், ஆடுகளை அண்ட விடாதீர்கள்.

மாடு நொண்டுகிறது. மருந்து சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

எந்தக் கால்? எத்தனை நாளாக? பால் எவ்வளவு குறைந்தது? காய்ச்சல் உண்டா? ஒன்றும் இல்லாமல் மருந்து மட்டும் வேண்டும்! ஒரே நாளில் பால் பாதியாகி, வாயில் எச்சில் ஒழுகி, குளம்பு இடுக்கில் கொப்புளமும் இருந்தால் அது கோமாரியாக இருக்கலாம். கடிதத்தை விட்டுவிட்டு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அடுத்த வீட்டுக் கொட்டகைக்குள் கால் வைக்காதீர்கள்.