கேள்வி - பதில்: பிரிட்டனும் வட கடல் மீனும்

கே: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் என்ன பேச்சுவார்த்தை? பழைய கோபத்தில் இழுத்தடிக்கிறார்களா?
(வாசகர், தண்டையார்பேட்டை)

ப: கோபம் என்று எனக்குத் தோன்றவில்லை. காசிமேட்டுக் கடல் இறாலை வாங்கி அனுப்பும் கம்பெனியில் பல வருஷம் பேப்பர் வேலை பார்த்தவன் நான். ஐரோப்பாவுக்குப் போகிற சரக்கு என்றால் எந்தப் படகு, எந்தக் கடல், எந்தத் தேதி என்று கேட்ச் சர்டிபிகேட் வேண்டும். கூடவே அதிகாரி கையெழுத்துப் போட்ட ஹெல்த் சர்டிபிகேட். படகின் பதிவு எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் வயிற்றில் புளியைக் கரைக்கும். 2021 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்து மீன் வியாபாரிகளும் இதே பேப்பர்களோடு நிற்க வேண்டியதாயிற்று. சரக்கு தேங்கிப்போய், அந்த மாதமே லாரிகளை லண்டனுக்குக் கொண்டுவந்து நிறுத்திப் போராடினார்கள். அவர்களுக்கென்று ஒன்றியம் புதிதாக எந்தத் தண்டனையும் விதிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர்களான நமக்கு என்ன விதியோ, அதுதான் அவர்களுக்கும். உறுப்பினராக இல்லாதவருக்கு உறுப்பினரின் சலுகை கிடையாது என்பதில் ஒன்றியம் கறார். அது நியாயம்தான்.

ஆனால் கதவைச் சாத்திவிடவும் இல்லை. விலகிய பிறகு இரு தரப்பும் செய்துகொண்ட வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் கீழ் ஒரு கூட்டு மன்றம் இருக்கிறது. ஐரோப்பிய ஆணையர் ஒருவரும் பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவரும் சேர்ந்து தலைமை தாங்குகிறார்கள். இருவரும் ஒப்பினால்தான் முடிவு. அதன் கீழே துறைவாரியாகக் குழுக்கள், மீனுக்குத் தனிக் குழு. பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்கைச் சோதிப்பதில் எழுந்த சிக்கலையும் இப்படிப் பேசிப் பேசித்தான் 2023 பிப்ரவரியில் வின்ட்சர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

பேச்சு பலிக்காவிட்டால்? மணல் விலாங்கு வழக்கைப் பாருங்கள். விரல் பருமன்கூட இல்லாத மீன். பஃபின் போன்ற கடல் பறவைகளுக்கு அதுதான் சாப்பாடு. ஒன்றியத்தின் உறுப்பினரான டென்மார்க்கின் படகுகள் அதை அள்ளிப்போய் மீன் தூளுக்கும் எண்ணெய்க்கும் விற்கும். நம் துறைமுகத்தில் கழிசல் மீன் போகிற வழிதான். 2024 மார்ச்சில் வட கடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் ஸ்காட்லாந்துக் கடலிலும் அதைப் பிடிக்கத் தடை வந்தது. நம் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14-ல் முடிந்துவிடும். இந்தத் தடைக்கு முடிவுத் தேதியே இல்லை.

ஒன்றியம் முதலில் ஆலோசனைக்குக் கூப்பிட்டது. அது பலிக்காமல், ஒப்பந்தத்தில் இருந்தபடி மூன்று நடுவர்களிடம் போனது. ஹேக் நகரில் விசாரணை நடந்து 2025 மே மாதம் தீர்ப்பு வெளிவந்தது. அறிவியல் ஆதாரம் சரி, ஸ்காட்லாந்தின் தடையும் சரி. ஆனால் இங்கிலாந்துத் தடையை முடிவு செய்தபோது ஐரோப்பியப் படகுகளின் உரிமையை உரிய முறையில் எடைபோடவில்லை என்றார்கள். தடையை நீக்கச் சொல்லவில்லை. அதே மாதம் 19-ஆம் தேதி இரு தரப்பும் லண்டனில் உட்கார்ந்து, பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகள் மீன் பிடிக்கும் ஏற்பாட்டை 2038 வரை நீட்டித்தன. வழக்கு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்! எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, படகும் பறிபோய் நிற்கும் நம் பாக் நீரிணை மீனவர்களை நினைத்தால், இப்படி முறையிட ஓர் இடம் அவர்களுக்கு இல்லையே என்று மனம் ஆறவில்லை.

கே: இதற்கு முன் யாராவது விலகியதுண்டா?
(கல்லூரி மாணவி, ராயபுரம்)

ப: உண்டு, கிரீன்லாந்து. டென்மார்க்கோடு சேர்ந்து உள்ளே போன தீவு. தன் கடல் மீன் தன் கையில் இருக்க வேண்டும் என்று 1982-ல் மக்கள் வாக்களித்தார்கள். 1985 பிப்ரவரியில் வெளியேறியது. அன்றிலிருந்து அங்கே மீன் பிடிக்க ஐரோப்பா காசு கொடுக்கிறது. கிரீன்லாந்து மீனுக்கு ஐரோப்பாவில் சுங்க வரி கிடையாது. 2024-ல் ஒன்றியம் அதன் தலைநகர் நூக்கில் ஓர் அலுவலகமும் திறந்தது.