எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தையைத் தத்தெடுக்கலாமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். 11 வருடமாகக் கணவருடன் அமெரிக்காவில் இருக்கிறேன். தத்தெடுக்க, மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவில் பதிவு செய்து காத்திருந்தோம். இப்போது தமிழ்நாட்டில் ஓர் இல்லத்தில் இருக்கும் பெண் குழந்தையின் விவரம் வந்திருக்கிறது. 31 வாரத்தில் 1,350 கிராம் எடையோடு பிறந்து, 38 நாள் பெட்டியில் இருந்திருக்கிறாள். இப்போது 9 மாதம். இன்னும் தனியாக உட்காரவில்லை. தலைச் சுற்றளவு 41.5 செ.மீ. பிறந்த வாரத்தில் எடுத்த மூளை ஸ்கேனில் இரண்டாம் கிரேடு ரத்தக்கசிவு என்றும், கண் பரிசோதனை 'செய்யப்பட்டது' என்றும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. போட்டோவைப் பார்த்ததுமே கணவர் சரி சொல்லிவிட்டார். லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மாவோ, "எட்டாம் மாசத்துல பொறந்தது தங்காதுங் கண்ணு, வேற கொழந்தைக்குப் பொறுத்துப் பாக்கலாம்" என்கிறார். தயங்குகிற எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அம்மணி, தயங்கியதற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்து, எது இல்லை என்று கவனித்திருக்கிறீர்கள். அந்தக் குழந்தைக்காக நீங்கள் செய்த முதல் நல்ல காரியம் அது.

அம்மா சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் குழந்தை டாக்டராக இத்தனை வருடத்தில், ஏழாம் மாசம் தங்கும், எட்டாம் மாசம் தங்காது என்ற பேச்சை எத்தனையோ வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டேன். உண்மை நேர் எதிர். வயிற்றில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம். 31 வாரக் குழந்தை 28 வாரக் குழந்தையைவிட நல்ல நிலையில்தான் தொடங்குகிறது. அதோடு, உங்களுக்கு வந்திருப்பவள் தங்கிவிட்டவள். பெட்டியில் கிடந்த நாட்களைத் தாண்டி 9 மாதம் வளர்ந்திருக்கிறாள்.

அந்த 9 மாதத்தைத்தான் கொஞ்சம் திருத்திக் கணக்குப் போட வேண்டும். 40 வாரத்துக்கு 9 வாரம் முன்னால் பிறந்தவள் என்பதால் வளர்ச்சியைப் பார்க்கும்போது இரண்டு மாதம் கழித்து, 7 மாதக் குழந்தையாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது வரை நாங்கள் இப்படித்தான் பார்ப்போம். தனியாக உட்கார நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே 9 மாதம் வரை ஆவதுண்டு. 7 மாதப் பெண் குழந்தைக்குத் தலைச் சுற்றளவின் சராசரி ஏறக்குறைய 42.7 செ.மீ.; அதனால் 41.5 பயப்படுகிற அளவும் இல்லை. ஆனால் ஒரே ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிறந்தபோது, டிஸ்சார்ஜின்போது, பிறகு தடுப்பூசிக்குப் போனபோது எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். தலை நிதானமாக வளர்ந்து வந்திருந்தால் அது நல்ல சேதி. ஓரிடத்தில் நின்றுவிட்டாலோ திடீரென்று பெருத்திருந்தாலோ காரணம் தேட வேண்டும். பிறந்த எடையைவிட இந்த வளர்ச்சிக் கோடுதான் எனக்கு முக்கியம்.

இரண்டாம் கிரேடு என்றால் மூளையின் உள்ளறைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அறை வீங்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். மூன்றும் நான்கும்தான் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பவை. உங்களிடம் இருப்பதோ முதல் வார ஸ்கேன் மட்டும். 36 வாரத்திலிருந்து 40 வாரத்துக்குள் இன்னொன்று எடுத்தார்களா? அறைகள் பெரிதாகவில்லை, சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியில் ஓட்டை விழவில்லை என்று அதில் இருந்தால், கை கால் இறுக்கம் வரும் என்ற பயம் பெரிதும் குறையும்.

கண் விஷயத்தில் 'செய்யப்பட்டது' என்ற ஒற்றை வார்த்தையை நான் ஏற்கமாட்டேன். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் ஒருவரின் மகன் 29 வாரத்தில் பிறந்தான். ஒருமுறை கண் பார்த்தாயிற்று, குழந்தையும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அடுத்த பரிசோதனைக்கு அவர்கள் வரவில்லை. ஆறு மாதத்தில் தூக்கி வந்தபோது விழித்திரை பிரிந்திருந்தது. சரியான வாரத்தில் லேசர் வைத்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது. இன்றும் அந்தப் பையன் முகம் எனக்கு மறக்கவில்லை. குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக்குழாய் முழுதாக வளரும்வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். அதனால் எத்தனை முறை பார்த்தார்கள், கடைசியில் என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள். காது பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை நடந்ததா என்பதையும் கேளுங்கள்.

31 வாரம் என்பது எப்படித் தெரிந்தது என்பதும் முக்கியம். தாய் கர்ப்ப காலத்தில் ஸ்கேன் எடுத்திருந்தால் நம்பலாம். தொட்டிலில் விடப்பட்ட குழந்தை என்றால் தோலையும் பாதக் கோடுகளையும் பார்த்துப் போட்ட மதிப்பீடாக இருக்கும். மாதம் நிறைந்து, வயிற்றுக்குள் சரியாக வளராமல் எடை குறைந்து பிறந்த குழந்தைக்குக் கணக்கே வேறு.

அப்புறம், இல்லத்தில் அவளைத் தூக்கி வளர்க்கிற ஆயாவிடம் பேச முடியுமா என்று உங்கள் ஏஜென்சி மூலம் கேட்டுப் பாருங்கள். துணி மாற்றும்போது தொடை விறைப்பாக இருக்கிறதா? கிலுகிலுப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறாளா, ஒரு கை எப்போதும் மூடியே இருக்கிறதா? கூப்பிட்டால் திரும்புகிறாளா? ஆயாவைப் பார்த்துச் சிரித்து, புது ஆளைக் கண்டால் முகம் மாறுகிறாளா? பல ஸ்கேனைவிட இந்தப் பதில்கள் அதிகம் சொல்லும். பேச முடியாவிட்டால் இதெல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ கேளுங்கள். பல குழந்தைகளுக்கு நடுவே வளர்வதால் கொஞ்சம் பின்தங்கியிருக்கலாம். மடியும் பேச்சும் கிடைத்தால் பெரும்பாலும் அது வேகமாகத் தேறும்.

இத்தனையும் கேட்டாலும் உத்தரவாதம் யாரும் தரமுடியாது. பள்ளிக்குப் போன பிறகு கவனக்குறைவோ கணக்கில் தடுமாற்றமோ தெரியவரலாம். அமெரிக்காவில் 3 வயது வரை வளர்ச்சி பின்தங்கும் குழந்தைகளுக்கு அரசு ஏற்பாட்டில் பயிற்சி உண்டு. அதற்கு வாரத்தில் சில நாள் யார் லீவு போடுவது என்று கணவரோடு இப்போதே பேசுங்கள். பேசிய பிறகும் முடியாது என்று தோன்றினால் மறுப்பது பாவமில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்து திருப்பி அனுப்புவதுதான் அந்தக் குழந்தையை உடைக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கிற விவரத்தை மட்டும் வைத்துச் சொல்வதானால், இவளை மறுக்கும்படியாக எதையும் நான் பார்க்கவில்லை.

மருத்துவ அறிக்கையை நீங்கள் விரும்பும் டாக்டரிடம் காட்டிக் கருத்துக் கேட்க காரா விதிகளிலேயே இடம் உண்டு. ஊருக்குத்தான் வந்திருக்கிறீர்களே, ஈரோட்டிலோ கோவையிலோ பச்சிளங்குழந்தை நிபுணர் ஒருவரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியோடு போங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள், எட்டாம் மாதச் சந்தேகத்தை அவரே டாக்டரிடம் கேட்கட்டும். பழைய கண், காது ரிப்போர்ட் கிடைக்காவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். 9 மாதத்தில் விழித்திரையின் முடிவு தெளிவாகத் தெரியும், பெராவும் எடுக்கலாம். இரண்டையும் இப்போது எடுத்து அனுப்பச் சொல்லி ஏஜென்சிக்கு இன்றைக்கே எழுதுங்கள்.