வரிவரியாய் மஞ்சளிக்கும் வயலும் கறுப்புப் போத்தலும்

கேள்வி: விசுவமடுப் பக்கம் மூன்று ஏக்கர் வயல் செய்கிறேன், ஐயா. சிறுபோகத்தை மெசினால் வெட்டினோம். வழமையாக வைக்கோலைக் கொளுத்திவிடுவோம். இம்முறை கொளுத்தாமல், ஒக்டோபர் மழை விழுந்ததும் உழுது மூடி, ஒரு கிழமையில் ஏ.ரி 362 நெல் விதைத்தேன். இப்போது மூன்றாம் கிழமை. பயிர் வரிவரியாக மஞ்சளித்து நிற்கிறது, வரிகளுக்கு நடுவே நல்ல பச்சை. மருந்துக்கடைக்காரர் மண்ணில் காபன் குறைவு என்று சொல்லி, ஏக்கருக்கு இரண்டு போத்தல் ஹியூமிக் அமிலம் அடிக்கச் சொன்னார். கறுப்புத் திரவம், ஒரு லீற்றர் போத்தல். ஒன்று வாங்கிவிட்டேன். மூன்று ஏக்கருக்கும் எத்தனை போத்தல் வேண்டும்? கொளுத்தியிருந்தால் இந்தக் கரைச்சல் வந்திருக்காது என்று வீட்டில் பேச்சு. உண்மையா?

பதில்: தங்கச்சி, ஒரு போத்தலும் வேண்டாம். வாங்கியதன் மூடியை இன்னும் திறக்கவில்லை என்றால் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள்.

மஞ்சள் வரிவரியாக நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. நோயோ பூச்சியோ வெட்டு மெசின் போன தடத்தைப் பார்த்துப் பார்த்து வராது. மெசின் வைக்கோலைப் பின்பக்கம் நிரையாகக் கொட்டிக்கொண்டு போயிருக்கும். அதைப் பரப்பாமல் அப்படியே உழுதிருப்பீர்கள். வைக்கோலில் ஒரு பங்கு நைதரசனுக்கு அறுபது பங்குக்கு மேல் காபன் இருக்கும். அதைத் தின்னும் பற்றீரியாவுக்கும் பங்கசுக்கும் இருபத்தைந்துக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால்தான் வயிறு சரிவரும். குறையும் நைதரசனை அவை மண்ணிலிருந்து, அதாவது உங்கள் நாற்றின் வாயிலிருந்து, எடுத்துக்கொள்கின்றன. களவு இல்லை, கைமாற்றுத்தான். அவை செத்து அழுகும்போது பயிருக்குத் திரும்பி வரும். ஆனால் மூன்று கிழமைப் பயிருக்கு அதுவரை பொறுக்க ஏலாது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. மஞ்சள் வரியில் நாலைந்து பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாகவோ துருப்பிடித்த மாதிரிக் கபிலமாகவோ இருந்தால், உங்கள் விவசாயப் போதனாசிரியர் எழுதித் தந்த அட்டவணையில் உள்ள அடுத்த யூரியாத் தவணையைப் பிந்தவிடாமல் போடுங்கள். வரிகளில் கொஞ்சம் கைதாராளமாக விழட்டும். வேர் கறுத்து, கூழ்முட்டை மணம் அடித்தால் யூரியாவுக்கு முன் தண்ணீரை வடிய விடுங்கள். மண்ணில் மயிர்வெடிப்பு ஓடும்வரை காயட்டும். அங்கே வைக்கோல் காற்றில்லாமல் அழுகுகிறது, வேருக்கு மூச்சுமுட்டுகிறது. இவ்வளவுதான் மஞ்சளுக்கு மருந்து.

இனி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: மண்ணில் காபன் ஏறுவது எப்படி?

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. வன்னி மண்ணில் காபன் குறைவுதான். வெயில் ஏற ஏற நுண்ணங்கிகளின் பசியும் ஏறும். ஏறத்தாழ பத்துப் பாகை சூடு கூடினால் உக்கும் வேகம் இரண்டு மடங்காகும். போதாக்குறைக்கு ஆடி ஆவணிச் சோளகத்தில் வெறும் நிலமாகக் காயவிடுகிறோம். காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணங்கிகள் ஒரேயடியாக விழித்துத் தின்று காபனீரொட்சைட்டைக் கக்கும், கூடவே நைதரசனும் அவிழும். கென்யாவில் வேலை செய்த பேர்ச் என்ற ஆய்வாளர் இதை 1958-இல் விளக்கி எழுதினார். அதனால் இதற்கு இன்றும் அவர் பெயர்தான். எங்கள் பழைய ஆட்கள் புழுதியில் விதைத்துவிட்டு மழையைப் பார்த்திருந்ததில் இந்த இலாபமும் உண்டு. நைதரசன் அவிழும் நேரம் நிலத்தில் முளை நிற்கும்.

கடைக்காரரின் மற்றப் பாதிக்குக் கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண் ஏறத்தாழ 900 தொன். அதில் காபன் ஒரு வீதம் என்றால் 9 தொன். பன்னிரண்டு வீதக் கரைசல் ஒரு லீற்றரில் ஹியூமிக் 120 கிராம், அதில் காபன் பாதியளவு, 60 கிராம். 9 தொன்னுக்கு மேல் இரண்டு போத்தலுக்கும் சேர்த்து 120 கிராம் காபன் ஊற்றிவிட்டு மண் திருந்தும் என்கிறார்! வேர் கொஞ்சம் துளிர்க்க உதவும் என்று சில பரிசோதனைகள் காட்டுகின்றன, அதை நான் மறுக்கவில்லை. மண்ணுக்குக் காபன் சேர்க்கும் என்பது மட்டும் வியாபாரம்.

இந்த ஹியூமிக்கே காரம் ஊற்றிப் பிரித்தெடுத்த சரக்கு. கடையில் விற்பது பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுத்தது. உயிருள்ள மண்ணுக்குள் அப்படியொரு பொருள் தனியாக இருக்கிறது என்பதற்கே ஆதாரம் போதாது என்று லேமனும் கிளேபரும் 2015-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கொலராடோவில் வேலை செய்யும் இத்தாலிய விஞ்ஞானி பிரான்செஸ்கா கொத்ரூபோவும் கூட்டாளிகளும் மண்ணின் சேதனப் பொருளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்று அரைகுறையாக உக்கிய தும்பும் சக்கையும். இது சீக்கிரம் போய்விடும். மற்றது களித்துகளில் ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் நிற்பது. அதில் பெரும்பங்கு செத்த நுண்ணங்கிகளின் மிச்சம். அதாவது நீங்கள் போடும் வைக்கோலை நுண்ணங்கி தின்று, வளர்ந்து, செத்தால்தான் நிலைக்கிற காபன். வயலில் களி குறைவான இடத்தில் ஒட்டிக்கொள்ளவும் இடம் குறைவு. அங்கே வருசா வருசம் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே கொளுத்தாதது நல்ல வேலை. வீட்டில் சொல்லுங்கள். ஏக்கருக்கு இரண்டு தொன் வைக்கோல் என்று வையுங்கள், அதில் காபன் மட்டும் ஏறத்தாழ 800 கிலோ. பெரும்பகுதி ஓரிரு வருசத்தில் காற்றோடு போகும்தான், ஆனால் போகும் வழியில் மண்புழுவையும் நுண்ணங்கியையும் வளர்த்துவிட்டுப் போகும். கொளுத்தினால் அந்த வேலையே நடக்காது. நைதரசனும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். பொட்டாசியம் சாம்பலில் மிஞ்சினாலும் கும்பி எரிந்த இடத்திலேயே கிடந்து மழைக்குக் கழுவுப்படும்.

கட்டுக்கட்டி லொறிக்கு விற்பதும் எனக்குப் பிடிக்காத வேலை. இரண்டு தொன் வைக்கோலில் உள்ள பொட்டாசியம் ஏறத்தாழ ஒரு அந்தர், அதாவது ஐம்பது கிலோ, எம்.ஓ.பி. என்ற பொட்டாசியப் பசளைக்குச் சமம். வைக்கோல்காரன் தரும் காசை எண்ணும்போது எம்.ஓ.பி.யின் இன்றைய விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வயலில் மாட்டுப்பட்டி அடைக்கிறவருக்குக் கொடுத்தால் வேறு கதை. சாணமாகத் திரும்பி வரும்.

2021-இல் அரசு இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியபோது எல்லோரும் பட்டோம். மண் அப்படி ஒரே இரவில் திரும்பாது, அதற்குப் பல போகம் வேண்டும். அந்தப் பதற்றத்துக்குப் பிறகு 'சேதனம்' என்று லேபல் ஒட்டிய போத்தல்களுக்கும் குறைவில்லை. என்ன சரக்கு, எத்தனை வீதம் என்று எழுதாத போத்தலைக் கையாலும் தொடாதீர்கள்.

பிழை நடந்தது இரண்டு இடத்தில்: வைக்கோல் பரவவில்லை, உழவுக்கும் விதைப்புக்கும் இடையில் ஒரு கிழமைதான். ஈரத்தில் மூன்று நாலு கிழமையாவது உக்க விட்டிருக்க வேண்டும். அவ்வளவு பொறுக்க முடியாத போகத்தில், வைக்கோலை உழாமல் வரம்போரம் குவித்து, சீமைக்கிளுவைக் குழையும் சாணமும் இடையிடையே போட்டு உக்கவிட்டு, அடுத்த போகத்துக்குப் போடுங்கள்.

காலபோகம் வெட்ட மெசின்காரரைப் பிடிக்கும்போது, வைக்கோலை நறுக்கி விசிறும் கருவி மெசினில் இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். இல்லையென்றால், வெட்டின அன்றே இரண்டு பேரை விட்டு நிரையைக் கலைத்துப் பரப்புங்கள். போத்தலுக்கு வைத்த காசை அந்தக் கூலிக்குக் கொடுக்கலாம்.