மாதா பிரார்த்தனையில் வரும் 'உப்பரிகை'க்கு என்ன பொருள்? பொருள் தெரியாமல் சொன்னால் பயன் உண்டா?

காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் செபமாலை முடிந்த கையோடு, இயேசுவின் தாய் மரியாளைப் பல பெயர்களால் அழைத்து வேண்டும் மாதா பிரார்த்தனையும் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் யாரும் எழுந்திருக்க முடியாது. அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அத்தனை பெயரும் வரிசை மாறாமல் வரும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம். முழங்கால் வலிக்க ஆரம்பித்தால் நான் ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூவின் இதழை விரலால் சுற்றிச் சுற்றி வருவேன். நாலு இதழ் முடிவதற்குள் "தாவீது ராஜாவின் உப்பரிகையே" வந்துவிடும். அடுத்தது "தந்த மயமான உப்பரிகையே".

எனக்கு அப்போது உப்பரிகை என்றால் கானாடுகாத்தான் செட்டியார் வீடுகளின் மேல்மாடிதான். அங்கே மாதா நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

இந்தப் பிரார்த்தனையின் லத்தீன் மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது கோபுரம் என்ற சொல். பழைய தமிழில் அதை உப்பரிகை என்று வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் வேர் பைபிளின் உன்னத சங்கீதத்தில் இருக்கிறது. அதில் காதலியின் கழுத்தை ஓரிடத்தில் கேடயங்கள் தொங்கும் தாவீதின் கோபுரத்துக்கும், இன்னோரிடத்தில் தந்தக் கோபுரத்துக்கும் ஒப்பிடுவார்கள். முன்னதில் காவலும் உறுதியும், பின்னதில் தூய்மையும் அழகும் என்று எடுத்துக்கொள்ளலாம். இத்தாலியின் லொரேத்தோ திருத்தலத்தில் சொல்லிவந்த இந்தப் பிரார்த்தனைக்கு 1587-இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஒப்புதல் தந்தார்.

'மாதாவையே கடவுளாகக் கும்பிடுகிறீர்கள்' என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கடவுளிடம் "எங்கள்மேல் இரக்கமாயிரும்" என்கிறோம். மாதாவிடம் எங்களுக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

சரி, பொருள் தெரியாமல் சொல்லலாமா? சொல்லலாம் என்பேன். தெரிந்துகொள்வது நல்லது, ஆனால் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" என்ற பெயரைச் சின்ன வயதில் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். அது எனக்குள் இறங்கியது அப்பத்தா படுக்கையில் விழுந்த பிறகுதான். அன்றைக்கு அவரால் பேச முடியவில்லை. நான் பெயர்களைச் சொன்னேன், அவர் உதடு மட்டும் அசைந்தது.

2020 ஜூனில் பாப்பரசர் பிரான்சிஸ் மூன்று பெயர்களைப் புதிதாகச் சேர்த்தார். அதில் ஒன்று, புலம்பெயர்ந்தவர்களுக்கு ஆறுதலானவர் என்பது. பர்மா, மலேயா என்று கடல் தாண்டிப் போய்ப் பிழைத்த சீமை எங்களுடையது. அந்த நேரத்தில் என் தம்பி கொரோனாவால் சிங்கப்பூரில் தொழிலாளர் விடுதிக்குள் அடைபட்டுக் கிடந்தான். ராத்திரி அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுப் பீடத்தின் முன்னால் வைத்துவிடுவார். அந்தப் பெயரை அம்மா இரண்டு தடவை சொல்வார். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே, கொஞ்சம் தாமதமாக, தம்பியின் குரல் வரும்: "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."