வாசகர் கேள்வி-பதில்: புதுக் கணினியும் பழைய நண்பர்களும்

கேள்வி: ஈரோட்டில் 12 ஆண்டுகளாகத் திருமண வீடியோ எடிட்டிங் செய்து வருகிறேன். இதே தொழிலில் எனக்கு நான்கு நெருங்கிய நண்பர்கள் உண்டு. என் முதல் சிஸ்டத்தை நாங்கள் ஐவரும் சேர்ந்துதான், சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி வந்து, ஒரே இரவில் அசெம்பிள் செய்தோம். சென்ற வைகாசியில் தவணையில் ஒரு மேக்புக் ப்ரோ வாங்கினேன். சொன்னால் தடுப்பார்கள் என்று நினைத்து அவர்களிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. அன்றிலிருந்து கேலி நிற்கவில்லை. டீக்கடைக்குப் போனால், "ஆப்பிள் ஓனர் வர்றாரு, எந்திரிச்சு நில்லுங்க மாப்ள" என்கிறார்கள். தங்கள் ஹார்ட் டிஸ்க்கை என் கணினியில் செருகிப் பார்த்துவிட்டு, "ஒண்ணேமுக்கால் லட்சம் குடுத்தும் ஒரு காப்பி போட முடியலயே" என்று சிரிக்கிறார்கள். பேட்டரி, திரை, வேகம் என்று நான் விளக்க விளக்கச் சிரிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. சென்ற மாதம் ஒரு மண்டபத்தில், பெண்ணின் தகப்பனார் எதிரிலேயே ஒருவன், "மேக்குக்கு டியூ கட்டணும்ல, அதான் ரேட்ட ஏத்திட்டான்" என்று சொல்லிவிட்டான். வாங்கியதே தவறோ என்று தோன்றுகிறது. இவர்களுக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேலி என்ற ஒரே சொல்லில் நீங்கள் அடக்கியவற்றில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. டீக்கடையில் நடப்பது ஒன்று, ஹார்ட் டிஸ்க்கை வைத்து நடப்பது இன்னொன்று, மண்டபத்தில் நடந்தது முற்றிலும் வேறொன்று. மூன்றையும் ஒன்றாகக் கட்டிச் சுமப்பதால்தான் பாரம் இவ்வளவு தெரிகிறது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே தொடங்குகிறேன். ஏனெனில் அதில் உங்கள் நண்பர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

விண்டோஸில் பயன்படுத்தும் பெரிய ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ். என்ற முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டவை. மேக் அவற்றைத் திறந்து படிக்கும். ஆனால் தனி மென்பொருள் எதுவும் போடாமல் அவற்றில் எழுதாது. அதனால்தான் நண்பரின் டிஸ்க்கிலிருந்து உங்கள் கணினிக்கு வீடியோ வந்தது, உங்களிடமிருந்து அவருக்குப் போகவில்லை. பழைய ஃபேட்32 முறையில் மேக், விண்டோஸ் இரண்டும் எழுதும் என்றாலும், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்பதில்லை என்பதால் முகூர்த்த வீடியோவுக்கு உதவாது. உங்களுக்கு வேண்டியது எக்ஸ்ஃபேட். அதில் இரண்டு கணினிகளும் எழுதும், அந்த 4 ஜி.பி. வரம்பும் இல்லை. அடுத்த சீசனுக்கு முன்னால் ஒரு புது டிஸ்க்கை வாங்கி, அதை எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்து, ஐவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கையே மாற்றுவதாக இருந்தால், அதிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதை நினைவில் வைத்து, முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். இன்னும் ஒன்று: எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை இஜெக்ட் கொடுக்காமல் சட்டென்று பிடுங்கினால் கோப்புகள் கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம், ஒரு வீட்டின் தாலி கட்டும் காட்சி அதில் இருக்கிறது என்றால் அந்தப் பொறுமை அவசியம்.

டிஸ்க்கை விடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. நீங்கள் எந்த மென்பொருளில் எடிட் செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. மேக் வாங்கிய பலரைப் போல நீங்களும் ஃபைனல் கட் ப்ரோவுக்கு மாறியிருந்தால், அது விண்டோஸில் ஓடவே ஓடாது. உங்கள் வேலையை நண்பர்களால் திறந்துகூடப் பார்க்க முடியாது. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே நாளில் மூன்று மண்டபம் வரும்போது, பாதி வெட்டிய வேலையை இரவில் நண்பர் கையில் கொடுத்துவிட்டுக் காலையில் வாங்கிக்கொள்வதுதான் உங்கள் தொழிலில் காலங்காலமாக உள்ள கைமாற்று. அந்தக் கைமாற்றிலிருந்து ஒருவர் சொல்லாமல் விலகினால் மற்ற நால்வருக்கும் உண்மையிலேயே நஷ்டம். அதை நேரே கேட்கத் தெரியாதவர்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். பிரீமியர் ப்ரோ இரண்டு கணினிகளிலும் ஓடும், அதன் ப்ராஜெக்ட்டும் இரண்டிலும் திறக்கும். ஆகவே பகிர்ந்து செய்யும் வேலைகளை பிரீமியரிலும், உங்கள் சொந்த வேலைகளை விருப்பப்பட்ட மென்பொருளிலும் செய்வதாக ஓர் ஏற்பாட்டுக்கு வாருங்கள். அதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் நண்பர்களின் கையில் இருக்கும் பிரீமியர் முதன்முதலில் 1991-இல் வெளிவந்தது மெக்கின்டோஷ், அதாவது மேக் கணினிக்காகத்தான். 1990-இல் வந்த ஃபோட்டோஷாப்பும் அப்படியே. பிரீமியரின் தொடக்கப் பதிப்புகளை எழுதிய ராண்டி உபில்லோஸ் என்பவர்தான் பின்னாளில் ஃபைனல் கட்டையும் உருவாக்கினார். நீங்கள் இரு பக்கமும் நின்று வாதாடும் இரண்டு மென்பொருள்களுக்கும் அடித்தளம் போட்டது ஒரே கை. இதை டீக்கடையில் எடுத்து வீசுவதற்காக எழுதவில்லை. தனியாக இருக்கும்போது நினைத்துப் பார்த்தால் மனம் சற்று இளகும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இனி டீக்கடைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, ரிச்சி தெருவும் அந்த ஓர் இரவும்தான். அசெம்பிள் செய்த சிஸ்டம் ஒரு பொதுச் சொத்து மாதிரி. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். போனால் ஒருவர் கொண்டுவந்து மாட்டுவார், ரேம் போதவில்லை என்றால் இன்னொருவர் தன்னுடையதைக் கழற்றித் தருவார், கேபினெட்டைத் திறந்துபோட்டுத் தரையில் உட்கார்ந்து தூசி தட்டும்போதே பாதி உறவு வளரும். நீங்கள் வாங்கியிருக்கும் கணினியில் இதற்கெல்லாம் வழியில்லை. ஆப்பிளின் இப்போதைய மடிக்கணினிகளில் ரேம் எவ்வளவு என்பதை வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும், பிறகு கூட்ட முடியாது. இனி உங்கள் கணினி கெட்டால் அந்த நால்வரில் யாரையும் நீங்கள் கூப்பிடப் போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும். போதாக்குறைக்கு, அவர்களிடம் சொல்லாமல் வாங்கியிருக்கிறீர்கள். பத்து ரூபாய் மௌஸ் பேட் முதல் ஒன்றாகப் போய் வாங்கியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே பேட்டரியையும் திரையையும் பற்றி இனி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நீங்கள் விளக்கும் ஒவ்வொரு முறையும், அவர்களுடைய கணினி மட்டம் என்று சொல்வதாகவே அவர்கள் காதில் விழுகிறது. கணினியை ஆளாக்கி, ஆளைக் கட்சியாக்கும் பழக்கத்தை வளர்த்ததில் விளம்பரங்களுக்கும் பங்குண்டு. 2006 முதல் 2009 வரை ஆப்பிள் வெளியிட்ட விளம்பர வரிசையில் ஓர் இளைஞர் "நான் மேக்" என்பார், கோட்டு அணிந்த இன்னொருவர் "நான் பி.சி." என்பார், இளைஞராக நடித்த அதே ஜஸ்டின் லாங், 2021-இல் இன்டெல் நிறுவனத்துக்காக பி.சி.யைப் புகழ்ந்து நடித்தார். அதற்கும் முன்னால், 1997 ஆகஸ்டில் பாஸ்டன் நகரில், மைக்ரோசாஃப்ட் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அறிவித்து, பில் கேட்ஸின் முகம் பெருந்திரையில் தோன்றியபோது, கூடியிருந்த மேக் அன்பர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். கம்பெனிகள் கை குலுக்கிக்கொண்டன. மனம் புண்பட்டது வாங்கியவர்களுக்குத்தான். உங்கள் டீக்கடையில் அந்தச் சண்டையை நீங்கள் தொடர வேண்டியதில்லை.

அதற்குப் பதிலாக, நால்வரும் சேர்ந்திருக்கும் ஒரு மாலையில் இதைச் சொல்லுங்கள்: "உங்ககிட்ட சொல்லாம வாங்கினது தப்புதான், மாப்ள. வேண்டாம்பீங்கன்னு பயந்துட்டேன். எனக்கு வேலைக்கு இது தேவைப்பட்டுச்சு." இவ்வளவு போதும், கணினியின் பெருமையை இதோடு சேர்க்காதீர்கள். அதன் பிறகும் "ஆப்பிள் ஓனர்" என்றால் சிரித்துவிட்டு உட்காருங்கள். பட்டப்பெயர் வைக்கும் கூட்டத்தில் பெயர் இல்லாதவன்தான் வெளியாள்.

மண்டபத்தில் நடந்தது அப்படிப்பட்டதல்ல. பணம் கொடுப்பவர் எதிரில் உங்கள் கடனைப் பற்றிப் பேசுவது உங்கள் பிழைப்பில் கை வைப்பது. அதைச் சிரித்து விழுங்கக் கூடாது. ஆனால் அங்கேயே, எல்லோர் முன்னாலும் பதிலடி கொடுக்கவும் கூடாது. கொடுத்திருந்தால் பெண் வீட்டார் மனத்தில் உங்கள் இருவரையும் பற்றி ஒரே எண்ணம்தான் மிஞ்சியிருக்கும். அந்த நண்பரைத் தனியாகக் கூப்பிடுங்கள், மற்ற மூவரையும் சாட்சிக்கு அழைக்காதீர்கள். "டீக்கடையில என்ன வேணும்னாலும் சொல்லு. கஸ்டமர் முன்னாடி என் ரேட்டையும் டியூவையும் பத்திப் பேசாதே. எனக்கு ஆர்டர் போயிரும்" என்று, குரலை உயர்த்தாமல், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் "சும்மா சொன்னேன்டா" என்பார். "சும்மாதான்னு தெரியும், ஆனா வேண்டாம்" என்று திரும்பவும் சொல்லுங்கள். இரண்டாம் முறை சொல்வது முக்கியம். உண்மையிலேயே கட்டணத்தை உயர்த்தியிருந்தால் அதையும் அவரிடம் மறைக்காதீர்கள். ஒரே ஊரில் ஒரே தொழில் செய்பவர்களுக்கு அடுத்தவர் ரேட் ஏறுவது சொந்த விஷயம்தான்.

வாங்கியது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். இரவு வேலை சீக்கிரம் முடிகிறதா, தவணையைக் கை கடிக்காமல் கட்ட முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்றால் தவறில்லை. இதில் டீக்கடைக்கு ஓட்டு கிடையாது.

கேள்வி: நாங்கள் மூவரும் கட்டடக் கலை படித்த தோழிகள். கல்லூரி நாளிலிருந்து மூவரும் மேக் வைத்திருப்பவர்கள். அண்மையில் ஒருத்தி தன் பழைய மேக்கைக் கொடுத்துவிட்டு விண்டோஸ் மடிக்கணினி வாங்கினாள். "என்னடி, இறங்கிட்டியா?" என்று நாங்கள் விளையாட்டாகச் சொன்னோம். ஒரு மாதமாக அவள் எங்கள் சந்திப்புக்கு வருவதில்லை. இதற்குப் போய் யாராவது கோபித்துக்கொள்வார்களா?
– வாசகி, சென்னை

பதில்: கோபித்துக்கொள்வார்கள். ஈரோட்டு வாசகரை "ஏறிவிட்டாய்" என்று கேலி செய்தார்கள். நீங்கள் உங்கள் தோழியை "இறங்கிவிட்டாய்" என்றீர்கள். இரண்டும் பணத்தைத் தொடும் சொற்கள்தாம், ஆனால் இறங்கியவர் என்று பெயர் வாங்கியவருக்குத் திருப்பிச் சிரிக்க இடமில்லை. அவர் வீட்டுக் கணக்கு உங்களுக்குத் தெரியாது.

பணமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். உங்கள் தொழிலில் பலரும் கட்டடம் வரையப் பயன்படுத்தும் ரெவிட் விண்டோஸுக்கு மட்டுமே உள்ள மென்பொருள். முன்பு இன்டெல் சிப் உள்ள மேக்குகளில் பூட் கேம்ப் மூலம் விண்டோஸையும் நிறுவி அதை ஓட்டினார்கள். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சிப்போடு வந்தவற்றிலிருந்து அந்த வசதி இல்லை. பழைய மேக் ஓய்ந்ததும், ரெவிட்டில் வேலை செய்யும் ஒருவர் விண்டோஸ் மடிக்கணினி வாங்குவது தொழில் தெரிந்தவர் எடுக்கும் முடிவு.

ஆனால் காரணத்தைக் கேட்டு அவரைத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். கேட்டால் அவர் மீண்டும் விளக்கம் சொல்லும் இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். "அன்னிக்கு அப்படிச் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, இம்முறை நீங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போங்கள். அவர் இப்போது வரைந்துகொண்டிருக்கும் கட்டடத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வரைபடத்தைப் பற்றியே பேசுங்கள். அது எந்தத் திரையில் தெரிகிறது என்பதைப் பற்றி, அவராகப் பேச்செடுக்கும் வரை, நீங்கள் எடுக்க வேண்டாம்.