ஹைபிரிட் கார் கேள்வி பதில்: முதலில் காற்று வழியைப் பாருங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ரொயோட்டா அக்சியோ, ஹொண்டா கிறேஸ் ஆகிய இரண்டு ஹைபிரிட் (பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த) செடான்களைப் பற்றியவை. இலங்கை வீதிகளில் இவை இரண்டும் நிறைந்திருப்பதால் அதில் வியப்பில்லை. முழு மின்சாரக் கார்கள் பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன். அது என் துறை அல்ல.

நல்லூரிலிருந்து: ஐயா, என்னுடையது 2014 அக்சியோ ஹைபிரிட். எச்சரிக்கை விளக்கு எரிகிறது. ஸ்கானரில் பி0ஏ80 (P0A80) என்று காட்டுகிறது. முழுப் பற்றரியையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றவா?

இன்றைக்கு மாற்ற வேண்டாம். அந்தக் குறியீட்டுக்குப் "பற்றரியை மாற்று" என்றுதான் விளக்கம் எழுதியிருக்கும். ஆனால் கணினி உண்மையில் கண்டது, பற்றரியின் பகுதிகளுக்கிடையே வோல்ற் அளவு அளவுக்கு மீறி வேறுபடுகிறது என்பதை மட்டுமே. அக்சியோவின் பற்றரி நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் வகை. 7.2 வோல்ற் கொண்ட 20 மொடியூல்கள் (சிறு பற்றரித் துண்டுகள்) வரிசையாக இணைந்து 144 வோல்ற் தருகின்றன. அந்த இருபதில் ஒன்று தளர்ந்தாலும் இதே குறியீடு வரும். மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் வரக்கூடும். நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் தகடுகள் அப்படிக் கெடுவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

ஆகவே கராஜில் இப்படிக் கேளுங்கள்: ஸ்கானரைப் பூட்டியபடியே காரை ஓட்டி, வேகமெடுக்கும்போது எந்தப் பகுதியின் வோல்ற் சரிகிறது என்று காட்டுங்கள். காட்ட மறுப்பவரிடம் பற்றரி வேலையைக் கொடுக்காதீர்கள். அடுத்து, பின் இருக்கைப் பக்கம் இருக்கும் சல்லடை போன்ற துவாரத்தைப் பாருங்கள். பற்றரி அதன் வழியாகத்தான் காரின் உள்ளிருந்து குளிர்காற்றை இழுக்கிறது. தடித்த சீற் கவர், பிள்ளைகளின் புத்தகப் பை, கோவிலுக்குக் கொண்டுபோன பாய் என்று எல்லாமே அதை மூடிவிடுகின்றன. உள்ளே இருக்கும் விசிறியில் தூசி கம்பளம்போல் படிந்துவிடுகிறது. பற்றரியைக் கொல்வதில் வயதுக்கும் பங்குண்டு, வெப்பத்துக்கும் பங்குண்டு. வயதை நாம் தடுக்க முடியாது, வெப்பத்தைத் தடுக்கலாம்.

ஒரு மொடியூலை மட்டும் மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பழையவற்றின் நடுவே ஒரு புதியது அமர்ந்தால் இரண்டும் ஒத்து நடக்காது. சில மாதங்களில் அடுத்தது போகும், பிறகு இன்னொன்று. காரை விற்காமல் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால், சோதனைகளுக்குப் பிறகும் பற்றரிதான் குற்றவாளி என்று உறுதியானால், முழுவதையும் புதிதாகப் போடுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து: ஒக்ரேன் 95 பெற்றோல் அடித்தால் ஹைபிரிட்டுக்கு நல்லதா?

அக்சியோவும் கிறேஸும் ஜப்பானின் சாதாரண பெற்றோலுக்காகச் செய்யப்பட்டவை. அங்கே அதன் குறைந்தபட்ச ஒக்ரேன் 89. நமது 92 தாராளமாகப் போதும்.

வெள்ளவத்தையிலிருந்து: காலி வீதி நெரிசலில் நிற்கும்போது "என்" (N) நிலைக்கு மாற்றினால் பெற்றோல் மிச்சம்தானே?

இல்லை. ரொயோட்டா ஹைபிரிட்டில் "என்" நிலையில் பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது. ஏசியோ அதே பற்றரியிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். கார் நின்றால் எஞ்சின் தானாகவே அணைகிறது. நீங்கள் "டி" (D) நிலையில் பிரேக்கை மிதித்திருந்தால் போதும்.

தெஹிவளையிலிருந்து, கிறேஸ் வைத்திருப்பவர்: நீங்கள் எப்போதும் அக்சியோவைத்தான் புகழ்கிறீர்கள். கிறேஸில் என்ன குறை?

நெரிசலில் ஊர்வதற்கு அக்சியோவின் அமைப்பு மேலானது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அதில் கிளச் கிடையாது, ஸ்ரார்ட்டர் மோட்டார் கிடையாது, ஒல்ரனேற்றர் கிடையாது. ஒரு கோள்கியர்த் தொகுதியும் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் ஓடும் அமைப்பு) இரண்டு மோட்டார்களும் எஞ்சினோடு சேர்ந்து எல்லா வேலையையும் பகிர்ந்துகொள்கின்றன. தேய்ந்துபோவதற்கு அங்கே பொருள் குறைவு. கிறேஸில் ஒரே மோட்டாரும், ஏழு கியர்களும், எண்ணெயில் நனையாத இரட்டைக் கிளச்சும் இருக்கின்றன. பற்றரியில் சார்ஜ் இருக்கும்வரை மோட்டார் காரை நகர்த்தும். சார்ஜ் இறங்கியதும் எஞ்சின் கிளச்சை உரசிக்கொண்டு காரை நகர்த்த வேண்டியிருக்கும். ஏசியைப் போட்டபடி அங்குலம் அங்குலமாக ஊரும்போது இது திரும்பத் திரும்ப நடக்கிறது. கியர்ப்பெட்டி சூடேறிவிட்டது என்ற எச்சரிக்கை அப்படித்தான் வருகிறது.

அவரே மீண்டும்: ஹொண்டாவின் ஃபிற் ஹைபிரிட்டில் வந்த கியர்ப்பெட்டிக் கோளாற்றின் பழைய கதையைக் கிறேஸ் மீது ஏற்றுகிறீர்கள். ஃபிற்றைத் திரும்ப அழைத்துத் திருத்திய பிறகு 2014 டிசம்பரில் வந்த கார் இது.

அந்த வரலாறு சரி. 2013, 2014இல் ஃபிற், வெசல் இரண்டையும் ஹொண்டா பலமுறை திரும்ப அழைத்தது. கியர்ப்பெட்டியைக் கட்டுப்படுத்தும் மென்பொருள்தான் அப்போது முக்கியமாகத் திருத்தப்பட்டது. நான் சொல்வது வேறு. மென்பொருளால் கிளச்சை நாகரிகமாக உரச வைக்கலாம். உரசாமல் இருக்கச் செய்ய முடியாது.

கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: அண்ணா, இடையில் வருவதற்கு மன்னியுங்கள். நான் கிறேஸில் ஏ9 வீதியில் அடிக்கடி கொழும்பு போய் வருகிறேன். ஒரு குறையும் இல்லை. அக்சியோ ஏற்றத்தில் கத்துகிறதே?

மன்னிக்க என்ன இருக்கிறது தங்கச்சி, இந்த விவாதத்துக்குத் தேவையானதையே சொன்னீர்கள். ஏ9 போன்ற நீண்ட, தடையற்ற ஓட்டத்தில் கிளச் ஒருமுறை பிடித்தால் பிடித்ததுதான். அங்கே கிறேஸ் அருமையாக ஓடும். வேகமெடுக்கும்போது எஞ்சின் சத்தமும் காரின் வேகமும் ஒன்றாக ஏறுவதை ஓட்டுபவர் உணர்வார். அக்சியோவில் எஞ்சின் முதலில் கத்தும், வேகம் பிறகுதான் வரும். ஆகவே நீங்களும் தெஹிவளைக்காரரும் ஒரே காரை இரண்டு வேறு வேலைகளுக்கு வைத்திருக்கிறீர்கள்.

தெஹிவளைத் தம்பி, உங்கள் காரை விற்கச் சொல்லவில்லை. முன்னால் போகும் காரின் வாலைப் பிடித்து ஊராதீர்கள். இரண்டு கார் நீளம் இடைவெளி விட்டு, ஒரே மூச்சில் நகருங்கள். ஏற்றத்தில் நிற்கும்போது அக்சிலேற்றரால் காரைத் தாங்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். இவற்றைச் செய்தால் உங்கள் கிளச் நீண்டகாலம் உழைக்கும்.

(இதே சண்டையை நீட்டி இன்னும் பல மடல்கள் வந்தன. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.)

சாவகச்சேரியிலிருந்து: காலையில் கார் உயிர் பெறவில்லை. ஹைபிரிட் பற்றரி செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. காரில் 12 வோல்ற் சிறிய பற்றரி ஒன்றும் இருக்கிறது. கணினிகளை எழுப்புவதும் பெரிய பற்றரியை இணைக்கும் ரிலேக்களை (மின் சுவிட்சுகளை) மூடுவதும் அதன் வேலை. அது இறங்கினால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் எழும்பாது. பல ரொயோட்டா ஹைபிரிட்களில் அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் முனை பொனற்றின் கீழ் ஃபியூஸ் பெட்டியில் இருக்கிறது. நேரையும் மறையையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் விலை உயர்ந்த பாகங்கள் எரிந்துவிடும். ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக் கொடுங்கள். புதிதாக வாங்கும்போது வாயுக்குழாய் பூட்டக்கூடிய, ஹைபிரிட்டுக்கென்றே செய்த பற்றரியைக் கேட்டு வாங்குங்கள். பல ரொயோட்டா ஹைபிரிட்களில் அது இருப்பது காரின் உட்புறத்தில் அல்லது டிக்கியில், அதனால்தான் அந்தக் குழாய்.

வவுனியாவிலிருந்து: ஒரு மாதம் வெளிநாடு போய் வந்தேன். கார் ஸ்ரார்ட் ஆகவில்லை. பெரிய பற்றரியா?

மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

மன்னாரிலிருந்து: கதவு சரியாக மூடாமல் இரவு முழுக்க உள்விளக்கு எரிந்துவிட்டது. ஹைபிரிட் பற்றரி மாற்ற எவ்வளவு ஆகும்?

அதே பதில்தான். 12 வோல்ற் பற்றரியைச் சோதிக்காமல் பெரிய பற்றரியின் விலையைக் கேட்காதீர்கள், ஒருவரும் கேட்காதீர்கள்.

ஹற்றனிலிருந்து: இறக்கத்தில் "பி" (B) நிலை எதற்கு?

இறங்கும்போது மோட்டார் பிரேக் பிடித்துப் பற்றரியை நிரப்புகிறது. றம்பொடை போன்ற நீண்ட இறக்கத்தில் பற்றரி பாதி வழியிலேயே நிறைந்துவிடும். அதன் பிறகு அந்தச் சுமை முழுவதும் பிரேக் தட்டுகள் மேல் விழும். "பி" போட்டால் எஞ்சினின் அமுக்கம் காரைப் பிடித்து நிறுத்த உதவும். சமதரையில் அது வேண்டாம், பெற்றோல்தான் வீணாகும்.

திருகோணமலையிலிருந்து: காணொளி பார்த்துப் பற்றரியை நானே திறந்து சுத்தம் செய்யப் போகிறேன். என்ன ஸ்பானர் வேண்டும்?

திறக்காதீர்கள். செம்மஞ்சள் நிறக் கேபிள் இருக்கும் இடமெல்லாம் உயிரைப் பறிக்கும் மின்சாரம் ஓடும் இடம். பாதுகாப்புச் செருகியைக் கழற்றிய பிறகும் இன்வேட்டரின் (பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவியின்) மின்தேக்கிகளில் வோல்ற் தங்கியிருக்கும். பயின்றவர்களே பத்து நிமிடம் காத்திருந்து, மீற்றரால் அளந்து, உயர் வோல்ற் கையுறையோடுதான் தொடுகிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: காற்றுத் துவாரத்தின் சல்லடையைத் தூசி இழுப்பானால் சுத்தம் செய்யுங்கள். அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கொக்குவிலிலிருந்து: பழைய அக்சியோ வாங்க நினைக்கிறேன். மீற்றரில் 60,000 கிலோமீற்றர். நம்பலாமா?

மீற்றரை நம்பாதீர்கள். ஜப்பானிய ஏலச் சீட்டையும் (அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலையை எழுதிய தாள்) பராமரிப்புப் பதிவையும் கேளுங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் கைமாறிய கார்களின் கதையை மீற்றர் சொல்லாது. ஸ்கானரில் பற்றரியின் ஒவ்வொரு பகுதியையும் பாருங்கள். பின் இருக்கையருகே குனிந்து அந்தத் துவாரத்தையும் பாருங்கள். அது தூசியால் அடைத்திருந்தால் விற்பவர் காரை எப்படி வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும்.

பருத்தித்துறையிலிருந்து: அக்சியோவின் கதவைத் திறந்ததும் முன்பக்கம் "ஸ்ஸ்" என்று சில நொடி சத்தம் கேட்கிறது. பயப்படவா?

வேண்டாம். பிரேக் அமைப்பு தனக்குத் தேவையான அழுத்தத்தை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளும் ஓசை அது. ஆனால் ஓடும்போது, பிரேக்கைத் தொடாமலே, சில நொடிகளுக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்பக் கேட்டால் அழுத்தம் எங்கோ கசிகிறது. அப்போது காரை நிறுத்திவிட்டு, இழுவை வண்டியில் கராஜுக்கு அனுப்புங்கள். பிரேக் எண்ணெய் மாற்றும் வேலையையும் ஸ்கானர் இல்லாத இடத்தில் கொடுக்காதீர்கள்.