படபடப்பு என்று ஒரு சொல்

வணக்கம்.

எனக்கு 58 வயது. பீபியும் சுகரும் உண்டு. மூன்று வருடங்களாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் தாளம் தப்பித் துடிக்கும் நோய். மாதத்தில் இரண்டு மூன்று தடவை, பெரும்பாலும் பின்னிரவில் வரும். நான்கைந்து மணி நேரம் படபடப்பாக இருந்துவிட்டுத் தானே அடங்கும். உடனடி ஆபத்தில்லை என்கிறார் டாக்டர். வீட்டில் "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்கிறார்கள். ஆனால் வராத நாட்களில்தான் எனக்குப் பயம் அதிகம். கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்சை நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. தனியாக வெளியூர் போவதை விட்டுவிட்டேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். படபடப்பு இல்லாத வாரங்களில் அதைப் போடுவதில்லை. இந்தப் பயத்தோடு எப்படி வாழ்வது? தியானம் உதவுமா? உங்களுக்கும் இந்தத் தொந்தரவு உண்டு என்று முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் மின்னஞ்சல் இரவு 2.40க்கு வந்திருக்கிறது. நேரத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. விளக்கைப் போடாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டில் இரு விரலை வைத்து எண்ணத் தொடங்கி, முப்பதைத் தாண்டுவதற்குள் கணக்குத் தப்பி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிற ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடமாக நானும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் முதலில் திட்டிவிடுகிறேன். மாத்திரையை விட்டதைப் போகிறபோக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே ஆபத்தான வரி அதுதான். அந்த மாத்திரை படபடப்பை அடக்குவதற்கு இல்லை. இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 350 தடவைக்கும் மேல் தாறுமாறாகத் துடிதுடிக்கும்போது அவற்றால் ரத்தத்தை ஒழுங்காகத் தள்ள முடிவதில்லை. இடது மேலறையின் ஓரத்தில் சின்னப் பை மாதிரி ஓர் இடுக்கு இருக்கிறது. அங்கே தேங்கும் ரத்தம் உறைகிறது. உறைந்த துணுக்கு கிளம்பினால் மூளைக்குப் போய் அடைக்கும். இந்த நோயில் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. உங்களுக்கு பீபி, சுகர் வேறு. படபடப்பு இல்லாத வாரம் என்கிறீர்கள். நாம் உணராமலே வந்துபோகும் தடவைகளும் உண்டு. இப்போது தரப்படும் புதிய மாத்திரைகளின் வேகம் ஓரிரு நாளில் வடிந்துவிடும். நினைத்தபோது போடுவதற்கு அது என்ன தலைவலி மாத்திரையா? விடிந்ததும் டாக்டரைக் கூப்பிட்டு, விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தியானம் செய்யுங்கள், நல்லதுதான். அதுவே இந்தத் துடிப்பை நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாட்ச் பதிவு செய்வதற்கு; படபடப்பு வந்தபோது அதில் இசிஜி எடுத்து வையுங்கள், மற்ற நேரம் பார்க்காதீர்கள். அவ்வளவுதான்.

நான் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருப்பது வேறொன்று, உங்கள் கடிதம் அதைத்தான் தொட்டது. படபடப்பு என்ற அந்தச் சொல். நெஞ்சு தாளம் தப்பி அடித்துக்கொள்வதும் படபடப்பு, பரீட்சைக்கு முந்தைய இரவும் படபடப்பு. "படபடப்பா இருக்கு" என்று நீங்கள் சொன்ன மறுகணம் கேட்பவர் உங்கள் மனசுக்குள் எட்டிப்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். "அலட்டிக்காதீங்க" என்று வீட்டில் சொல்வது அன்பில்லாமல் இல்லை. நீங்கள் கொடுத்த சொல்லுக்கு அதுதான் பதில்.

என் அம்மா ஆறு வருடம் அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அலைந்தாள். போன இடத்திலெல்லாம் இசிஜி எடுத்து நார்மல் என்றார்கள். சாதாரண இசிஜி பதிவது பத்து வினாடி. ஒரு நாளில் 86,400 வினாடி இருக்கிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவள் நெஞ்சு சமர்த்தாகிவிடும். "டென்ஷன்தான்" என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார் ஒரு பெரிய டாக்டர். அம்மா தன் நெஞ்சை நம்பாமல் அவரை நம்பினாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கடைசியில் ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண், "வாயால சொல்ல வேண்டாம்மா, மேஜையில தட்டிக் காட்டுங்க" என்றாள். அம்மா கூச்சத்தோடு ஆள்காட்டி விரலால் தட்டினாள். தட். தட்தட். கொஞ்சம் இடைவெளி. தட்தட்தட். நீண்ட இடைவெளி. தட். எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல இல்லை. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். "இன்னொரு தடவை தட்டுங்க" என்றாள். மறுவாரம், இரவும் பகலும் விடாமல் இசிஜி பதியும் ஹோல்ட்டர் கருவியை மாட்டி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் இரவு அகப்பட்டுவிட்டது.

இந்தத் தட்டலில் எவ்வளவோ தெரியும். சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று தொடங்கி, வேகமாக, ஆனால் ஒரே சீராக அடித்து, சட்டென்று நின்றால் அது பெரும்பாலும் வேறு வகை. நடுவில் ஒன்று விட்டுப்போய் அடுத்தது பலமாகத் தூக்கி அடித்தால், முந்திக்கொண்ட ஒற்றைத் துடிப்பாக இருக்கலாம். பின்னால் வரும் இடைவெளியில் இதயம் கூடுதலாக நிரம்புவதால்தான் அந்தப் பலம். நம்முடையதில் சீர் என்பதே இருக்காது.

1912இல் டச்சு வணிகர் ஒருவர் வென்கபாக் என்ற மருத்துவரிடம் இதே நோயோடு போனார். இதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் வென்கபாக். வணிகரோ, நாளைக் காலை ஒழுங்கான நாடியோடு வந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தார். மலேரியா மருந்தான குயினைன் ஒரு கிராம் சாப்பிட்டால் தனக்கு அடங்குவதை அவர் தானாகவே கவனித்து வைத்திருந்தார். வென்கபாக் அதை 1914இல் தன் நூலில் பதிந்தார். 1918இல் ஃப்ரை என்பவர் அதன் உறவுப்பொருளான குயினிடின் இதற்கு இன்னும் நன்றாக வேலை செய்வதைக் கண்டு சொன்னார்; பல பத்தாண்டுகள் அதுதான் மருந்தாக இருந்தது. இதைப் படித்துவிட்டு நீங்கள் குயினைன் வாங்கப் போய்விடாதீர்கள், அது ஆபத்து. நான் சொல்ல வந்தது, பெரிய நிபுணருக்குத் தெரியாத ஒன்று கவனித்துப் பார்த்த ஒரு நோயாளிக்குத் தெரிந்திருந்தது என்பதை.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். அடுத்த தடவை வரும்போது விளக்கைப் போட்டு, உட்கார்ந்து, மணியை எழுதுங்கள். எப்படித் தொடங்கியது, விரல் எப்படித் தட்டுகிறது, எப்போது, எப்படி அடங்கியது, முந்தின நாள் மது உண்டா, தூக்கம் எப்படி. பின்னிரவில் வருகிறது என்கிறீர்கள்; குறட்டை விடுவீர்களா, இடையில் மூச்சு நிற்கிறதா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பது இதைத் தூண்டும், அதற்குச் சிகிச்சையும் உண்டு. மூச்சை அடக்கி முக்கினால் நிற்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது சீராக அடிக்கும் வகைக்கு, நமக்கில்லை. நமக்கு மெதுவாக மூச்சு விடுவது பயம் சேர்த்த வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பயம் போய்விடுமா என்றால், எனக்குப் போகவில்லை. ஆனால் பேனா கையில் இருக்கும் நேரம் அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 43 தடவை எழுதிய பிறகு, 43 தடவையும் அடங்கியிருக்கிறது என்று என் கையெழுத்திலேயே படிக்க முடிகிறது. வெளியூருக்கும் அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.

அம்மா அந்த மாத்திரையை இரண்டு மாதம் விட்டுவிட்டாள். நன்றாகத்தானே இருக்கிறேன் என்றாள், உங்களைப் போல. எனக்குத் தெரியும், நானும் கண்டிக்காமல் விட்டுவிட்டேன். ஒரு காலையில் வலது பக்கமும் பேச்சும் போயிற்று. அதன்பின் இரவுகளில் அது வந்தால் என் கையை இழுத்து உள்ளங்கையில் இடது விரலால் தட்டிக் காட்டுவாள். தட். தட்தட். நான் மணியைப் பார்த்து எழுதிக்கொள்வேன்.

விடிந்ததும் டாக்டரைக் கூப்பிடுங்கள் எம். கூப்பிட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்.